திரும்பி வந்த ஜாடி

கேம்பல் பே,
14 ஆகஸ்ட் 1971

அன்புள்ள அக்காவுக்குக் கண்ணம்மா எழுதுவது.

உன் உடம்பும் அத்தானின் இருமலும் எப்படி இருக்கின்றன? இந்தத் தீவில் ஒரே மழை. மழை விட்டால் அட்டை. இவர் பட்டாளத்தில் பார்க்காத சண்டையை இப்போது அட்டைகளோடு போட்டுக்கொண்டிருக்கிறார். தோட்டத்தில் தென்னை நட்டாயிற்று, வாழை குலை தள்ளிவிட்டது.

சமாச்சாரத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டு வரிசையில் குருபச்சன் சிங் என்று ஒரு சர்தார் இருக்கிறார் என்று எழுதியிருந்தேனே, அவரும் இவரைப் போலச் சர்க்கார் கொடுத்த நிலத்தில் குடியேறிய பழைய பட்டாளத்துக்காரர்தான். நிலப் பட்டா விஷயமாக இந்தக் கப்பலில் போர்ட் பிளேயர் வருகிறார். அவர் கையில் உனக்கு ஒரு ஜாடி கொடுத்துவிட்டிருக்கிறேன். என்ன என்று சொல்லமாட்டேன். மூக்கு இருந்தால் கண்டுபிடி.

சரி, சொல்லிவிடுகிறேன், எனக்கு எதையும் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாது. நம் பர்மாப் பலாச்சோங்! ஓடை வாயில் கூனி இறால் அள்ள அள்ள வருகிறது அக்கா. அதில் பாதியை உப்புப் போட்டு இடித்துக் காயவைத்து நப்பி செய்தேன். மீதியைக் கருவாடாக்கிப் பொடித்து, பூண்டையும் வெங்காயத்தையும் தனித்தனியாக மொறுமொறுவென்று பொரித்து, மிளகாயும் புளியும் அந்த நப்பியும் சேர்த்து நம் அம்மா கிளறுகிற மாதிரியே எண்ணெய் பிரிகிறவரை கிளறினேன். நப்பி வேகும்போது வரிசை முழுவதும் வெளியே வந்துவிட்டது, எலி செத்துக் கிடக்கிறது என்று. கிளறி முடித்த பிறகு எவரும் வீட்டுக்குப் போகவில்லை. சர்தாரிணி ரொட்டிக்குள் சுருட்டிச் சாப்பிடுகிறாள். மலையாளத்து மரியம்மா மரவள்ளிக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்கிறாள். எதிர் வீட்டு மராத்திக்காரி வேர்க்கடலையை இடித்துப் போட்டு, இது எங்கள் ஊர்ச் சட்னிதான் என்று சண்டைக்கு வருகிறாள்!

மோல்மீனில் அப்பாவின் வண்டிக்கு முன்னால் கிண்ணத்தோடு நின்ற கூட்டம் நினைவுக்கு வந்தது. எங்கள் அக்கா கை இன்னும் ஒரு படி மேல் என்று எல்லாரிடமும் பீற்றியிருக்கிறேன். ஜாடியின் வாயை அம்மாவின் பச்சைப் பூப்போட்ட கைலியில் என் பங்குத் துணியைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன். உன் பங்கு பத்திரமாக இருக்கிறதா?

இன்னொன்று. பிப்ரவரியில் எனக்குப் பிள்ளை பிறக்கும். போன தடவை கப்பல் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது உனக்குத் தெரியும். இந்தத் தடவை அப்படி விடமாட்டேன் என்கிறார் இவர். ஜனவரியிலேயே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன் தங்கை,
கண்ணம்மா


ஷாதிபூர், போர்ட் பிளேயர்,
22 செப்டம்பர் 1971

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்து அளவில்லாத மகிழ்ச்சி. உடம்பை அலட்டிக்கொள்ளாதே. கனமான குடம் தூக்காதே. ஜனவரியில் கட்டாயம் வா.

அத்தானுக்குப் பதவி உயர்வு வரும்போல இருக்கிறது. அதனால் வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் அதிகம். ஆபீசில் அவருக்கு மேலே இருக்கும் தத்தா சாரின் மனைவிகூட ஒரு நாள் வந்திருந்தார்கள். புதிதாகக் கண்ணாடிக் கோப்பைகள் வாங்கினோம்.

நீ அனுப்பியதாக எழுதிய ஜாடி எதுவும் இங்கே வந்து சேரவில்லை. கொண்டுவந்தவர் எங்கே தவறவிட்டாரோ. போகட்டும், அதற்காக மனம் வருந்தாதே. இனிமேல் இதுபோன்ற பண்டங்களைச் சிரமப்பட்டு அனுப்பவேண்டாம். இங்கே வீடுகள் நெருக்கம். அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி. நீ சிரமப்பட்டது வீணாயிற்றே என்றுதான் எனக்கு வருத்தம்.

நீ வரும்போது நான்கு நல்ல சேலையாக எடுத்துக்கொண்டு வா. கைலி இங்கே யாரும் கட்டுவதில்லை.

இப்படிக்கு,
ருக்மணி பக்தவத்சலம்


கேம்பல் பே,
17 அக்டோபர் 1971

அக்கா,

உன் கடிதமும் என் ஜாடியும் ஒரே கப்பலில் வந்தன.

ஜாடியைச் சிங் கையில் வாங்கினேன். கடிதத்தைத் தபால்காரர் கையில் வாங்கினேன். இடது கையில் ஜாடி, வலது கையில் 'ஜாடி வந்து சேரவில்லை'. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கப்பல்துறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிங் முதலில் சொல்ல மறுத்தார். வீடு தெரியவில்லை என்று மழுப்பினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், காது சிவந்துபோயிற்று. பிறகு சொன்னார். வாசலில் நின்று, "ருக்கு பஹன் வீடு இதுதானே? தங்கச்சி அனுப்பியிருக்காங்க" என்றாராம். உள்ளே பட்டுச்சேலைப் பெண்கள். நீ வெளியே வந்தாயாம். ஜாடியைப் பார்த்தாயாம். "ஹமாரா நஹீன் ஹை" என்றாயாம். எங்களுடையது இல்லை. வீடு தவறி வந்துவிட்டீர் என்று கதவையும் சாத்தினாயாம்.

"வீடு தப்பாக இருக்கும்" என்றேன், நம்பமுடியாமல். "உன் முகம்தான் பஹன் அவங்களுக்கும்" என்றார் சிங்.

கடலில் வீசிவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்டேன். "அமானத் ஹை" என்றார். நம்பிக் கொடுத்த பொருள், போட்டுவிட்டு எப்படி வருவது என்கிறார். யாரோ ஒரு பஞ்சாப்காரர் பத்து நாள் கப்பல்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு அந்த நாற்றத்தைத் தன் படுக்கைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். என் கூடப் பிறந்தவளுக்கு அதைக் கையில் வாங்கத் தைரியம் இல்லை.

வரிசையே கூடிவிட்டது. அக்கா என்ன சொன்னாள், பிடித்ததா என்று சர்தாரிணி கேட்கிறாள். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? "ரொம்பப் பிடித்ததாம், இன்னொரு ஜாடி கேட்டிருக்கிறாள்" என்றேன். நிறைந்த ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன் அக்கா. எல்லாருக்கும் புரிந்தது. ஒருத்தியும் மேலே கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்தத் துணியைப் பார்த்துமா உனக்கு அந்த வார்த்தை வந்தது? அகதி முகாமில் அம்மா சாகும்போது இடுப்பில் இருந்த கைலி அது. நீயும் நானும்தானே இரண்டாகக் கிழித்தோம்?

உன் வீட்டுக்கு நான் வரவில்லை. கண்ணாடிக் கோப்பைகள் பத்திரம்.

கண்ணம்மா


ஷாதிபூர்,
11 நவம்பர் 1971

கண்ணம்மா,

உன் கடிதத்தை அத்தான் கண்ணில் படாமல் படித்தேன். அதற்குக்கூட எனக்குத் தைரியம் இல்லை பார். நீ எழுதியது எல்லாம் நிஜம். சிங் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குத் தத்தா மேடம் முதல்முறையாக வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆபீஸ்காரர்கள் வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர். நான் காரைக்குடிப் பக்கம் என்று கல்யாணமாகி வந்த நாளில் அத்தான் சொல்லிவைத்தார். பர்மா அகதி என்றால் இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்றார். முதலில் அவர் சொன்னார், பிறகு நானே சொல்லப் பழகிக்கொண்டேன். பார்க்காத காரைக்குடியைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. அன்றைக்கும் சீயம், கந்தரப்பம் என்று புத்தகத்தைப் பார்த்துச் செய்து பரப்பியிருந்தேன்.

வாசலில் கூப்பிட்ட குரல் கேட்டது. குரலுக்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. வெயிலில் எண்ணெய் கசிந்து துணியெல்லாம் நனைந்திருந்தது. பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னடி இது, பர்மா கேம்ப்பு நாத்தம் அடிக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனேன். பச்சைப் பூவைப் பார்த்தேன். கை நீட்டத்தான் போனேன் கண்ணம்மா. வாய் முந்திக்கொண்டது.

இத்தோடு முடிந்திருந்தால்கூட உன் காலில் விழ எனக்கு முகம் இருக்கும். இதைக் கேள். ஒரு வாரம் கழித்துத் தத்தா மேடம் தனியாக வந்தார்கள். உட்காரவில்லை. அன்றைக்கு ஒரு ஆள் கொண்டுவந்தாரே ஜாடி, அது யார் வீட்டுக்குப் போயிற்று என்று கேட்டார்கள். புகார் சொல்ல வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்களுக்குச் சொந்த ஊர் சிட்டகாங்காம். அவர்கள் அம்மா வீட்டில் கருவாட்டு இறாலை இடித்து இதேபோல வதக்குவார்களாம். ஊரில் ராணுவம் புகுந்த பிறகு தம்பி என்ன ஆனான் என்று தகவலே இல்லையாம். "உஸ் தின் வோ குஷ்பூ…" என்றார்கள், அன்றைக்கு வந்த அந்த வாசனை என்று. அவர்கள் அதை வாசனை என்றார்கள் கண்ணம்மா! அன்றைக்கு எல்லாரோடும் சேர்ந்து தானும் சிரித்துவிட்டதாகவும், தூக்கம் வரவில்லை என்றும், அந்த வீட்டைக் காட்டினால் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்வேன் என்றும் சொன்னார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியாது என்றேன். காரைக்குடிக்காரி வேஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை. சாதத்தைக் குனிந்து பார்த்துச் சாப்பிடக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்னைத் திட்டு. ஆனால் பிரசவத்தில் பிடிவாதம் பிடிக்காதே. போன தடவை நடந்தது மறுபடி நடந்தால் நான் உயிரோடு இருந்து என்ன பயன்? வா. என்னோடு பேசாமல் இரு. என் கையால் சாப்பிடாமல் இரு. வந்து மட்டும் சேர்.

ருக்கு


கேம்பல் பே,
29 டிசம்பர் 1971

அக்கா,

சண்டை என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். இவர் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு பழைய பட்டாளத்து உடுப்பைத் தேடினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடிக்காத குறை. இப்போது சண்டை முடிந்தது, ஜனவரியில் கப்பல் என்கிறார்கள்.

உன் கடிதத்தை இவருக்கும் படித்துக் காட்டினேன். "பாவம், உண்மையைச் சொல்லிட்டாங்க இல்ல, விட்டுடு" என்கிறார். அவருக்கென்ன, ஆண்பிள்ளை. சர்தாரிணி முன்னால் ஜாடியோடு உட்கார்ந்தது நான்.

வருகிறேன். உன் வீட்டுக்கு இல்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சர்தாரிணி துணைக்கு வருகிறாள். இதை நீ ஊருக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, யார் கண்ணம்மா என்று கேட்பார்கள்.

கண்ணம்மா


ஆஸ்பத்திரி, போர்ட் பிளேயர்,
24 ஜனவரி 1972

அக்கா,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். இதை எடுத்துவருவது ஆயா பொன்னம்மா. திருநெல்வேலிக்காரி. நல்லவள், வாய் மட்டும் ஓயாது.

கப்பல்துறையில் உன்னைப் பார்த்தேன். நீலச் சேலை கட்டியிருந்தாய். குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். மெலிந்துவிட்டாய். நான் டிரங்குப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் வயிற்றை வைத்துக்கொண்டு ஒளிவது சுலபமா? சர்தாரிணிதான் முதலில் கண்டுபிடித்தாள். "வோ தேக், தேரி பஹன்!" என்று கையை நீட்டினாள். உன் அக்கா பார் என்று.

நான் சொன்னேன், "நஹீன், ஹமாரா கோயி நஹீன்." எங்களுக்கு யாரும் இல்லை.

மூன்று மாதமாக உன்னைச் சபித்தேனே, அதே வார்த்தை. பக்கத்தில் ஜெயலட்சுமியும் இல்லை, தத்தா மேடமும் இல்லை. யாருக்கும் பயந்து சொல்லவில்லை. உன்னை நோகடிக்கச் சொன்னேன். உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நீ கடைசி ஆள் இறங்குகிறவரை நின்றுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனாய். நான் பெட்டிகளுக்குப் பின்னாலேயே நின்றேன். அன்றிலிருந்து இந்தக் கட்டிலில் படுத்தால் அந்த நீலச் சேலைதான் கண்ணில் நிற்கிறது. உன்னைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

ஜாடி என்னிடம்தான் இருக்கிறது. வழியில் கடலில் போடலாம் என்று எடுத்துவந்தேன். கப்பல் ஓரத்துக்குப் போய்விட்டு மடியில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. தெரிவிக்கத்தான். இங்கே கஞ்சி கொடுக்கிறார்கள். வாய் கசக்கிறது.

கண்ணம்மா


ஆஸ்பத்திரி வாசல்,
25 ஜனவரி

கண்ணம்மா,

பொன்னம்மாவிடம் கொடுத்தனுப்புவது மொய்ங்கா. சூடாக இருக்கிறது, பார்த்துத் திற.

விடிந்ததும் மீன் வாங்கினேன். வாழைத்தண்டு நறுக்கி, எலுமிச்சைப் புல் கட்டிப் போட்டு, கடலை மாவு வறுத்துக் கரைத்தேன். சேமியா மாதிரி நூல் இங்கே கிடைக்கவில்லை, அரிசி மாவை இடியாப்ப நாழியில் பிழிந்திருக்கிறேன். நப்பிக்கு எங்கே போவேன்? அது இல்லாமல் குழம்பு கொஞ்சம் ஊமையாகத்தான் இருக்கும், மன்னித்துக்கொள்.

எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துத்தான் கொதிக்கவிட்டேன். ஜெயலட்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "என்ன ருக்கு, என்ன வாடை இது?" என்றாள். "எங்க ஊரு வாடை. மோல்மீன். எங்கப்பா அங்க தெருவுல வண்டி போட்டு இதைத்தான் வித்தாரு" என்றேன். அவள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். இந்நேரம் ஷாதிபூர் முழுவதும் போயிருக்கும். அத்தான் சாப்பிடாமல் ஆபீசுக்குப் போனார். போகட்டும், பசித்தால் பஜாரில் ஹோட்டல் இருக்கிறது.

ஒரு கிண்ணம் தத்தா மேடத்துக்கு எடுத்துப்போனேன். ஜாடி என்னுடையது, அனுப்பியவள் என் தங்கை, உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அவர்கள் உடனே மன்னித்துவிடவில்லை. "நான் கேட்டுக்கொண்டு நின்றேனே" என்று மட்டும் சொன்னார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். நான் படியிறங்கும்போது கதவைச் சாத்தாமல் நின்றார்கள். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

பிறகு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அபர்டீன் பஜார் வழியாகவே நடந்தேன். குறுக்கு வழி இருக்கிறது, போகவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பானையின் வாயில் கட்டியிருப்பது அம்மா கைலியில் என் பங்கு. பெட்டிக்கு அடியில் இருந்தது.

கப்பல்துறையில் நீ சொன்னது எனக்குக் கேட்டிருந்தாலும் அது எனக்குச் சேரவேண்டியதுதான். நீ அழாதே.

சாயங்காலம்தான் உள்ளே விடுவார்களாம். வாசலில் நிற்கிறேன். உனக்கு வேண்டாம் என்றால் பானையை அப்படியே திருப்பி அனுப்பு. உன் ஜாடி திரும்பி வந்தது போல இதுவும் திரும்பி வந்தால் ஏன் என்று கேட்கமாட்டேன். வாங்கிக்கொண்டு வந்த வழியே, பஜார் வழியாகவே போவேன்.

ருக்கு


(அதே தாளின் மறுபக்கம்)

அக்கா,

பானை திரும்பி வருகிறது. பதறாதே, தூக்கிப் பார். கனம் இருக்காது.

நானும் சர்தாரிணியும் பொன்னம்மாவும் பக்கத்துக் கட்டில் தெலுங்குக்காரியும் வழித்து வைத்துவிட்டோம். நீ சொன்னது சரி, நப்பி இல்லாமல் குழம்பு ஊமைதான். அதனால் ஜாடிக் கட்டை அவிழ்த்தேன். இத்தனை கப்பல் பார்த்தும் கெடவில்லை, எண்ணெய் காப்பாற்றியிருக்கிறது. ஒரு கரண்டி விட்டுக் கலக்கியதும் நம் அப்பா வண்டியில் விற்ற ருசி அப்படியே வந்தது. அழுதேன் என்று பொன்னம்மா வந்து சொல்வாள், நம்பாதே. காரம்.

நர்ஸம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, யார் இதைக் கொண்டுவந்தது என்று சத்தம் போட்டார்கள். ஒரு நிமிஷம் வார்டு முழுக்க என்னையே பார்த்தது. அப்போது எனக்குத் தெரிந்தது அக்கா, அன்றைக்கு உன் வாசலில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று. நாக்கு நுனி வரை வந்துவிட்டது, தெரியாது என்று.

"எங்க அக்கா. அதோ, வாசல்ல நிக்கிறாங்களே, அவங்கதான்" என்றேன்.

பிள்ளை பிறந்ததும் உன் வீட்டுக்குத்தான் வருகிறேன். அத்தான் கோபித்தால் கோபிக்கட்டும். நப்பி அங்கேயும் வேகும்.

பானைக்குள் இலையில் பலாச்சோங் இருக்கிறது. மூன்று தடவை கடல் தாண்டி வந்தது, உனக்கென்று கட்டியது. வீட்டுக்கு எடுத்துப்போகாதே. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க, அந்த வாசலில் நின்றே கையால் எடுத்துச் சாப்பிடு.

நான் ஜன்னலில் நிற்கிறேன்.

கண்ணம்மா